ஃப்ரிட்ஜுக்கு வைத்த கண்டெய்னர் சீல்

முதலில் ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணியிலிருந்து மறுநாள் காலை பதினோரு மணிவரை, என் மகளுக்கும் அவள் பெற்ற இருபத்திரண்டு நாள் பிள்ளைக்கும் நானே என் கையால் கிருமி ஊட்டிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்தக் கிருமி எங்கள் குசினியிலிருந்து கிளம்பி, சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய், தூத்துக்குடித் துறைமுகத்தையே மூடவைக்கும். வருகிற கப்பலெல்லாம் வெளியே நங்கூரம் போட்டு நிற்கும். விசாரிக்க டெல்லியிலிருந்து அதிகாரிகள் வருவார்கள் என்றெல்லாம் நம்பினேன். அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு எந்தக் கடையில் சொல்வது என்பதுவரை யோசித்துவிட்டேன். இத்தனையும் ஒரு கிண்ணம் காரல் மீனைப் பார்த்து.

என் மூளை அப்படிப் போவதற்குத் தொழிலும் ஒரு காரணம். கப்பலில் வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகிதம் போட்டு வெளியே எடுத்துக்கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருஷமாக இருக்கிறேன். எங்கள் தொழிலில் பூச்சி என்பது வெறும் பூச்சி அல்ல. மரத்தடிக்குள் ஒரு வண்டு உயிரோடு இருந்தால் போதும், மொத்த லாட்டையும் நிறுத்தி, தார்ப்பாய் மூடி, புகை போட்டு, சான்றிதழ் வாங்கி, அதன்பிறகுதான் கேட்டைத் தாண்ட முடியும். ஒரு வண்டுக்காகப் பதினைந்து நாள் யார்டில் அலைந்தவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி நிதானமாக யோசி என்றால் எப்படி யோசிப்பான்?

கிருமிக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது ஒரு மிக்ஸியால். ஜார் சுற்றவில்லை என்று ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோயிருந்தேன். கடைக்கு மேலே ஒரு மாடி அறை. அங்கிருந்து மீன் அவிகிற வாசனையும் குக்கர் சத்தமும் வந்தன. கடைக்காரர் என் மிக்ஸியைக் கழற்றிப்போட்டுவிட்டு, "வே, கொஞ்சம் மேல போயி விசில் எண்ணும். ஆளு பத்தல" என்றார். போனேன். ஒரு பெண் குக்கர் முன்னால் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "அண்ணாச்சி, இருவது நிமிஷம். விசில் நிக்கக்கூடாது, அடங்குனாச் சொல்லுங்க" என்றாள். குக்கருக்குள் சோறு இல்லை, பருப்பும் இல்லை. கண்ணாடித் தட்டுகள் இருந்தன. ஏன் தட்டை வேகவைக்கிறீர்கள் என்று கேட்டேன். கிருமி வளர்க்கிற தட்டில் வேறு கிருமி இருக்கக் கூடாதாம். அந்த ஒரு கேள்விக்கு அவள் சொன்ன பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் என் மிக்ஸி சரியாகிவிட்டது. நான்தான் வீட்டுக்குப் போகவில்லை.

அந்தப் பெண் மீன் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். அங்கே நாளெல்லாம் இறாலுக்கும் கணவாய்க்கும் கிருமிச் சோதனை. 'இந்த வேலையைத் தெரிந்துகொள்ளத் தொழிற்சாலைக்குள்தான் பிறக்க வேண்டுமா' என்று அவளுக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. மிக்ஸிக் கடைக்காரரிடம் மாடி அறையைக் கேட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமை மாலைதோறும் ஏழெட்டுப் பேர் கூடுவோம். வந்தவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கருவியாக்கினார்கள். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற தெர்மகோல் பெட்டி. அதற்குள் ஒரு பல்பும், கோழிமுட்டை பொரிக்கும் பெட்டிக்கென்று விற்கிற சூடு கட்டுப்படுத்தும் பலகையும் வைத்தால் கிருமி வளர்க்கும் பெட்டி. பழைய மிக்ஸி மோட்டாரில் குப்பிகளைச் செருகிச் சுற்றவிட்டால் தண்ணீர் மேலேயும் வண்டல் கீழேயுமாகப் பிரியும். டிவிடி பிளேயரிலிருந்து கழற்றிய லென்ஸைப் போன் கேமராவில் ஒட்டினால் மைக்ராஸ்கோப். கிருமிக்குச் சாப்பாடு வைப்பதற்கு, நோன்புக் காலத்தில் இனிப்புச் செய்ய வாங்குகிற கடல்பாசி. பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பை அலமாரிக்குள் பூட்டிவைத்து வெளியிலிருந்து காட்டின காலத்து ஆள் நான். இங்கே என்னை அதைத் தொடவே விட்டார்கள். அங்கேதான் தவறு நடந்தது.

அறையின் சுவரில் விதிகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஒன்று, மூடிய தட்டைத் திறக்கக் கூடாது. இரண்டு, எதையும் வாயால் உறிஞ்சக் கூடாது. மூன்று, எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. மூன்றாவது மட்டும் சிவப்பு மையில் இருந்தது. நான் தினமும் ஆவணங்களில் சிவப்பு மையைப் பார்க்கிறவன். அது மற்றவர்களுக்காக எழுதப்படுவது என்பது என் அனுபவம்.

அந்த வாரம் வெளிச்சம் போடும் கிருமியை வளர்ப்பது என்று முடிவு. முந்தின நாளே ஒரு கணவாய்த் துண்டைக் கடல் தண்ணீரில் பாதி முங்கும்படி பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, விளக்கை அணைத்து, பெட்டியைத் திறந்து காட்டினாள். கணவாயின் மேல் அங்கங்கே நீலப்பச்சையாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். யாரும் பேசவில்லை. நான்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆளுக்கு ஒரு தட்டு. ஊசியைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்து, கணவாயில் மின்னும் இடத்தைத் தொட்டு, தட்டில் கோடு இழுக்க வேண்டும். நான் ஊசியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சினேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மிக்ஸிக்காரர், "வே, நீரு ஊசி காய்ச்சுதீரா, கொல்லப்பட்டறை வச்சிருக்கீரா? சீக்கிரம் விடும்" என்றார். எடுத்த வேகத்தில் கணவாயில் வைத்தேன். சுர் என்று ஒரு சத்தம் வந்தது. லேசாகக் கணவாய் வறுவல் வாசனையும் வந்தது. கிருமி நல்ல வீரியமாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, தட்டில் அழகாக நாலு கோடு இழுத்தேன்.

அந்தத் தட்டைத்தான் நான் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தது. காரணம் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பேரனைப் பார்க்க அவள் மாமியார், என் சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை வேம்பாரிலிருந்து வருவதாக இருந்தது. பிள்ளைக்கு அரைஞாண் கொண்டுவருகிறார்களாம். தாத்தா பங்குக்கு, கரண்ட் இல்லாமல், பேட்டரி இல்லாமல் எரிகிற ஒரு விளக்கைக் காட்டி அசத்திவிடலாம் என்று ஒரு ஆசை. தட்டைச் சுற்றி மூன்று சுற்று டேப் ஒட்டினேன். மனைவி கண்ணில் படக்கூடாது என்று ஒரு காலி மக்ரூன் பெட்டிக்குள் வைத்து, ஃப்ரிட்ஜில் இரண்டாவது அடுக்கில் செருகினேன். ரகசியத்தை மறைப்பதற்கு இதைவிட நல்ல இடம் தூத்துக்குடியில் கிடையாது என்று அப்போது எனக்குத் தோன்றியது.

ஞாயிறு யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். அதனால் சனிக்கிழமை காலையிலேயே மனைவி இரண்டு வேளைக்குமான காரலை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் கொடுத்தால் பால் சுரக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சம்பந்தி போனில் முதலில் கேட்பதும், "மருமவளுக்குக் காரல் வாங்கிக் குடுக்கியளா?" என்றுதான். பாதி மீனைச் சனிக்கிழமை மத்தியானம் குழம்பு வைத்து மகளுக்குக் கொடுத்தாள். மீதியைக் கழுவாமல், கல்லுப்புத் தூவி, கிண்ணத்தில் போட்டுத் திரும்ப ஃப்ரிட்ஜில் வைத்தாள். அது சம்பந்தி முன்னால் மகளுக்குப் பரிமாற வேண்டிய மீன். இரண்டு தடவையும் வைத்தது மூன்றாவது அடுக்கில். அதாவது, என் மக்ரூன் பெட்டிக்கு நேர் கீழே.

மாலை கரண்ட் போனது. போனில் சார்ஜ் இல்லை. கால் மணி நேரம் இருட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் குடிக்கலாம் என்று தடவிக்கொண்டே போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

கிண்ணத்துக்குள் மீன்கள் மின்னிக்கொண்டிருந்தன. தொண்டைப் பக்கத்தில் தொடங்கி வயிறுவரைக்கும் நீலப்பச்சையாக, மாடி அறையில் கணவாய் மின்னியது போலவே. கதவை மூடினேன். ஜெபம் ஒன்று சொல்லிவிட்டுத் திறந்தேன். இன்னும் மின்னியது. மேல் அடுக்கில் மக்ரூன் பெட்டி ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒழுகியிருக்கிறது! என் கிருமி டேப்பைத் தாண்டி, அட்டையைத் தாண்டி, ஒரு அடுக்கு கீழே இறங்கி, ஒரே நாளில் ஒரு கிண்ணம் மீனைப் பிடித்துவிட்டது.

"ஏளா, மத்தியானம் மவளுக்கு வச்ச குழம்பு இந்த மீனுலயா வச்ச?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டேன்.

"பின்னே எந்த மீனுல வைப்பாவ?" என்றது இருட்டு.

அந்த நொடியில்தான் கப்பல்கள் வெளியே நின்றது, டெல்லிக்காரர்கள் வந்தது எல்லாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன முகம் வந்தது. மத்தியானம் மகள் சாப்பிட்ட குழம்பு, அவளிடமிருந்து பாலாக அவனுக்கு. மூன்று கிலோ இருப்பானா? அவனுக்குக் காட்டத்தான் விளக்கு கொண்டுவந்தேன்.

இந்த இடத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் மீனை எடுத்துக் குப்பையில் போட்டிருப்பான். நான் துறைமுகத்துக்காரன். சந்தேகப்பட்ட சரக்கை முதலில் என்ன செய்வோம்? நகர்த்தமாட்டோம், சீல் வைப்போம். அலுவலகப் பையில் கண்டெய்னர் கதவுக்குப் போடுகிற கேபிள் சீல் இரண்டு கிடந்தன. முறுக்கிய இரும்புக் கம்பி; ஒரு முனையைப் பூட்டுக்குள் விட்டு இழுத்தால் டக்கென்று பிடித்துக்கொள்ளும்; அதன்பிறகு வெட்டித்தான் எடுக்க முடியும். எங்கள் ஃப்ரிட்ஜ் இரண்டு கதவு, இரண்டு கைப்பிடி. கம்பியை இரண்டிலும் விட்டு இழுத்தேன். டக். பழக்கதோஷத்தில் தீக்குச்சி வெளிச்சத்தில் சீல் நம்பரை டைரியில் குறித்துக்கொண்டேன். யாரிடம் காட்ட என்று தெரியவில்லை.

கரண்ட் வந்ததும் மனைவி குசினிக்குள் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏங்க, ஃப்ரிட்ஜுல என்னமோ கம்பி கட்டிக் கெடக்கு?"

"ஷாக் அடிக்குது. யாரும் தொடக்கூடாதுன்னு நாந்தான் கட்டுனேன்."

"ஷாக் அடிச்சா வயரைப் புடுங்கிவிடணும். இரும்புக் கம்பியில கட்டுனா இன்னும் நல்லால்லா அடிக்கும்?"

"அது எர்த் ஆகிரும்."

"நம்பர் வேற போட்டிருக்கு."

"அது ஃப்ரிட்ஜ் கம்பெனி நம்பர்."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷமாக என் பொய்களைக் கிளியர் பண்ணுகிறவள். எதைத் திறந்து சோதிக்க வேண்டும், எதை ஒரு நாள் யார்டில் கிடக்கவிடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் நேராக மகள் அறைக்குப் போனேன். விளக்கை அணைத்தேன். பேரன் பக்கத்தில் குனிந்து, போர்வையை என் தலைக்கும் அவன் மேலுக்குமாகக் கூடாரம் போலப் பிடித்துக்கொண்டு, எங்காவது மின்னுகிறதா என்று பார்த்தேன். கன்னம், வயிறு, உள்ளங்கால். எல்லாம் கும்மிருட்டு. அதற்குள் மகள் விழித்துவிட்டாள்.

"அப்பா! பிள்ளைய என்ன பண்ணுதிய?"

"ஒண்ணுமில்ல. கொசு இருக்கான்னு பாத்தேன்."

"லைட்டை அமத்திட்டா கொசு பாப்பாவ?"

"நீ ஒரு நிமிஷம் ஆ காட்டு."

"எனக்கு இருவத்தாறு வயசாவுது."

"அப்பாவுக்காக."

அவள் ஆ காட்டினாள். உள்ளே இருட்டு. என் வாழ்க்கையில் ஒரு இருட்டைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஆனால் அது பத்து நிமிஷம்தான் நின்றது. இன்னும் வயிற்றுக்குள்தானே இருக்கும், வாய்வரைக்கும் வர நேரமாகும் என்று மூளை அடுத்த கப்பலை அனுப்பிவிட்டது. இதற்குள் பிள்ளை என் வேட்டியை நனைத்திருந்தான். அதையும் விளக்கை அணைத்துப் பார்த்தேன்.

மாடி அறைப் பெண்ணுக்குப் போன் அடித்தேன். அவளுக்கு அன்றைக்கு இரவு ஷிப்ட். தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, வெளியே பெட்டியில் பூட்டிவைத்துவிடுவார்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அது தெளிவாக இல்லையோ என்று இன்னொன்று போட்டேன். தூங்கப் போகும்போது பதினொன்று ஆகியிருந்தது. நேரத்தைச் சொல்லவில்லை, மெசேஜைச் சொல்கிறேன்.

காலையில் பால் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. மாவும் ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. மனைவி முதல் பூசைக்குக் கிளம்பி நின்றுகொண்டு, "வரலியா?" என்றாள். நீ போய்வா என்றேன். "பூசைக்கும் வராம ஃப்ரிட்ஜுக்குக் காவல். நல்லாருக்கு. பிள்ளை பெத்தவளுக்குப் பால் காய்ச்சணும், வாரதுக்குள்ள அந்தக் கம்பியக் கழத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் இடுக்கியை எடுத்து வெட்டிப் பார்த்தேன். இடுக்கியில்தான் பள்ளம் விழுந்தது. அருமையான சீல். அலுவலகத்தில் மூன்று கம்பெனிச் சீல்களை இழுத்துப் பார்த்து, இதுதான் உறுதி என்று தேர்ந்தெடுத்தவனே நான்தான்.

ஏழரைக்குப் போன் வந்தது.

"அண்ணாச்சி, பதினோரு மெசேஜ் போட்டிருக்கிய. ஒண்ணும் புரியல. ஏழாவதுல அழுதியளா?"

"சளி."

"தட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியளா?"

இடுக்கியைக் கீழே வைத்தேன்.

"மூணாவது விதி என்னது?"

"வாயால உறிஞ்சக் கூடாது."

"அது ரெண்டாவது. உங்க மகளுக்குக் காய்ச்சல் இருக்கா? வாந்தி, பேதி?"

"இல்ல. நிம்மதியாத் தூங்குதா. அதான் பயமா இருக்கு."

"பிள்ளை பால் குடிக்கானா? ஒண்ணுக்குப் போறானா?"

"எம் மேலயே போனான்."

"அப்ப அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காவ. உங்களுக்குத்தான் முடியல. தட்டு மின்னுதா?"

"தட்டைப் பாக்கல. மீனு மின்னுது."

"தட்டைப் பாக்காமயா இவ்வளவு? போயி எடுத்துப் பாருங்க."

"முடியாது. சீல் வச்சிட்டேன்."

"சீலா?" என்றாள். பிறகு, "என்ன மீனு?" என்றாள். காரல் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு தொடங்கி, அடக்கப்பட்டு, மறுபடி தொடங்கியது. "சொல்லமாட்டேன். நேர்ல வந்து காட்டுதேன். எதையும் தொடாதிய" என்று வைத்துவிட்டாள்.

ஒன்பதரைக்கு அவள் ஒரு தெர்மகோல் பெட்டியோடும், மிக்ஸிக்காரர் ஒரு ரம்பத்தோடும் வந்தார்கள். அவர் ஃப்ரிட்ஜைச் சுற்றிவந்து பார்த்தார். "வே, முப்பது வருசமா மிக்ஸியும் ஃப்ரிட்ஜும் பாக்கேன். கொழும்புக்கு ஏத்துததுக்கு ரெடியா இருக்கிற ஃப்ரிட்ஜை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியில் துணியைச் சுற்றி, அறுக்க உட்கார்ந்தார். முறுக்குக் கம்பி ஒவ்வொரு இழையாகத்தான் அறுந்தது. வீடு முழுக்கக் கிறீச்சென்ற சத்தம்.

மத்தியானம் வருவதாகச் சொன்ன சம்பந்தி, காலை பஸ் கிடைத்துவிட்டது என்று அந்தச் சத்தத்துக்கு நடுவில் வந்து நின்றார்கள். கையில் அரைஞாண் பெட்டி. குசினிக்குள் ஃப்ரிட்ஜை ரம்பத்தால் அறுக்கும் ஓர் ஆள், கையுறை போட்ட ஒரு பெண், வியர்த்துப்போன நான்.

"என்ன மைனி இது?" என்று என் மனைவியிடம் கேட்டார்கள்.

என் மனைவி அசரவில்லை. "பூனைத் தொந்தரவு மைனி. மீனை எடுத்துருது. அதான் கட்டிவச்சாவ."

"ஃப்ரிட்ஜைத் தொறக்குத பூனையா?"

"எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு."

சம்பந்தி என்னைப் பார்த்தார்கள். "அந்தப் பூனைய எனக்கும் தெரியும்" என்றார்கள்.

சீல் அறுந்தது. மீன் கிண்ணத்தை மாடி அறைப் பெண் எடுத்துக்கொண்டாள். தெர்மகோல் பெட்டியைத் திறந்தாள். அதற்குள் ஐஸ்மேல் இரண்டு கிண்ணம் காரல். சந்தையில் இரண்டு வேறு வேறு ஆளிடம் வாங்கியதாம். அதுவும் சனிக்கிழமை மீன்தான். எங்கள் வீட்டிலிருந்து ஒரே மாதிரிக் கிண்ணங்களாகக் கேட்டு வாங்கி, எங்கள் மீனையும் சேர்த்து மூன்றையும் மாற்றிப்போட்டு, எது எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி மடித்து மிக்ஸிக்காரர் சட்டைப்பையில் வைத்தாள். குசினியை ஒட்டிய ஸ்டோர் ரூமுக்குள் எல்லோரையும் போகச் சொன்னாள். ஜன்னலில் சாக்கு, கதவிடுக்கில் ஈரத்துணி. அரிசி மூட்டைக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவில் நான், மனைவி, சம்பந்தி, மிக்ஸிக்காரர். விளக்கை அணைத்தாள். கண் பழக வேண்டும், ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்றாள்.

"அண்ணாச்சி, உங்க மூச்சு எம் பிடரியில அடிக்கி" என்றார்கள் சம்பந்தி.

ஐந்து நிமிஷம் கழித்து மூன்று கிண்ணங்களும் தெரியத் தொடங்கின. மூன்றுமே மின்னின.

"இதுல உங்க மீனு எது? உங்க கிருமி பிடிச்ச மீனு?" என்றாள் அந்தப் பெண்.

நடுக்கிண்ணம்தான் ரொம்பப் பிரகாசம். குற்றவாளியை அடையாளம் காட்டுகிறவன் போல, "நடுவுல உள்ளது. சந்தேகமே இல்ல" என்றேன்.

விளக்குப் போட்டு மிக்ஸிக்காரர் சீட்டைப் பிரித்தார். நடுக்கிண்ணம் சந்தையில் வாங்கியது. எங்கள் வீட்டு மீன் ஓரத்தில், மூன்றிலும் மங்கலாக, பாவம் போலக் கிடந்தது.

"காரலுக்குத் தொண்டைக்குள்ள ஒரு சின்னப் பை இருக்கு அண்ணாச்சி. வெளிச்சம் போடுத கிருமி அதுக்குள்ள குடியிருக்கு. அது பொறந்து வளரும்போதே கடல்ல இருந்து சேத்துக்கிடும். குழம்புல கொதிச்சா கிருமியும் போயிரும், வெளிச்சமும் போயிரும். நீங்க இத்தனை வருசம் தின்னதும் இதைத்தான்."

"கணவாயில இருந்ததுதான..."

"கணவாயில இருக்குறது காரல்ல இருக்கப்படாதா? கடலை நீங்க மட்டும் குத்தகைக்கு எடுத்திருக்கியளா?"

சம்பந்தி அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்கள். "இதுக்கா இவ்வளவு நேரம் இருட்டுல நின்னோம்? எங்க வேம்பார்ல விடியங்காட்டி கூடையக் கொட்டுனா காரல் இப்படித்தான் கெடக்கும். மினுங்காட்டாத்தான் வாங்குறதுக்கு யோசிப்போம்." பிறகு அந்தப் பெண்ணின் போனில் ஒட்டியிருந்த லென்ஸைப் பார்த்து, "இதுல ரோசாச்செடிப் பூச்சி தெரியுமாம்மா?" என்றார்கள். அவர்கள் முறைக்கு என்னைக் கேலி பண்ணுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்களுக்கு அதற்கு நேரமில்லை. தெரியும் என்று அவள் சொன்னதும் போனை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள்.

நான் ஐம்பத்து மூன்று வருஷம் இந்தக் கடற்கரையில் காரல் தின்றிருக்கிறேன். சந்தையில் பார்த்திருக்கிறேன், சட்டியில் பார்த்திருக்கிறேன், இலையில் பார்த்திருக்கிறேன். இருட்டில் பார்த்ததில்லை.

மீதி இருந்தது தட்டு. அந்தப் பெண் ஃப்ரிட்ஜிலிருந்து மக்ரூன் பெட்டியை எடுத்ததும், மனைவி பெருமூச்சு விட்டாள்.

"மக்ரூனை யாராவது ஃப்ரிட்ஜுல வைப்பாவளா? நமுத்துப்போகும்னு பச்சப்பிள்ளைக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ராத்திரியே தொறந்து பாத்துட்டேன். டேப் ஒட்டி என்னமோ பாசி மாதிரி இருந்துச்சு. நீங்களாச் சொல்லுவியன்னு மூடி வச்சிட்டேன்."

"தொட்டியா?" என்றேன் பதறி.

"கை கழுவிட்டேன். நான் சொல்லாமலே கழுவுத ஆளு."

அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். அன்று அவள் கோபமாகப் பேசியது அப்போது மட்டும்தான். "மீனு மின்னுனதுக்கு நீங்க காரணம் இல்ல. ஆனா என்ன வளருதுன்னு தெரியாத தட்டைச் சோத்துக்குப் பக்கத்துல வச்சியள்லா, பிள்ளை பெத்தவ இருக்குற வீட்டுல, அது தப்பு. அந்த விதிய நான் எழுதுனது சும்மா இல்ல." நான் தலையாட்டினேன்.

தட்டை மாடி அறைக்குக் கொண்டுபோய், அவள் தட்டு, மிக்ஸிக்காரர் தட்டு, என் தட்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கை அணைத்தோம். அவள் தட்டில் இழுத்த கோடெல்லாம் நீலமாக எரிந்தது. மிக்ஸிக்காரர் தட்டில் பாதி எரிந்தது. என் தட்டு இருக்கிற இடத்தைத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஃப்ரிட்ஜில் வைத்ததால் மெதுவாக வளரும் போல என்றேன். அவள் அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு நாள் வெளியே வைத்துப் பார்த்தாள். பிறகு, "அண்ணாச்சி, ஊசிய ஆறவிட்டியளா?" என்று கேட்டாள். எனக்கு அந்தச் சுர் சத்தம் ஞாபகம் வந்தது. விதிகளுக்குக் கீழே இப்போது புதிதாக ஒரு வரி இருக்கிறது: ஊசி அண்ணாச்சி கையில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து இருபதுவரை எண்ணவும்.

நான் ஊசியிலேயே அந்தக் கிருமியை வறுத்துவிட்டிருந்தேன். என் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஞாயிறு மத்தியானம் மனைவி அந்தக் காரலைக் குழம்பு வைத்தாள். மகள் சம்பந்தி முன்னால் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பேரன் பால் குடித்துவிட்டு நாலு மணிவரை தூங்கினான்.